பதினொரு பாக்கெட்டும் ஒரு நோட்டீஸும்

தென் மாவட்டம் ஒன்றில், பேரூராட்சி அளவிலான ஊரில் மளிகைக் கடை நடத்தும் 41 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய அப்பா காலத்தில் கேட்டதை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த கடை அது. இவர் பொறுப்புக்கு வந்த பிறகு ராக் போட்டு, வருகிறவர்களே கூடையில் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். சரக்கு மூன்று மடங்கானது. தேதி முடிந்து தேங்கும் சரக்கும் கூடவே பெருகியது.

போன வாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வந்தபோது ராக்கில் காலாவதியான 11 பாக்கெட்டுகள் இருந்தன: ஆறு பிஸ்கட், மூன்று மசாலாப் பொடி, இரண்டு சேமியா. அவற்றைக் கைப்பற்றி, குறைகளைச் சரிசெய்து 15 நாளில் பதில் தரும்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. குடோனில் சுமார் 38,000 ரூபாய்க்குக் காலாவதிச் சரக்கு சாக்கில் கிடக்கிறது. ஏஜென்சிக்காரர்கள் இருவர் "ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்பவர்களுக்குத் தேதி முடிந்த பிஸ்கட்டை, சொல்லியே பாதி விலைக்குக் கொடுத்து வந்திருக்கிறார். மாட்டுத் தீவனத்துக்கு என்று கிலோ கணக்கில் மொத்தமாகக் கேட்டு ஒருவர் வருகிறார். மனைவியோ, எல்லாவற்றையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். சரக்கு வீணானதற்காகக் கடையில் வேலை செய்யும் 23 வயது இளைஞரின் சம்பளத்தில் 600 ரூபாய் பிடித்தாராம். அடுத்த மாதம் பார்த்தால், நூடுல்ஸ் பாக்கெட்டுகள் சிலவற்றில் தேதி தின்னர் போட்டுத் துடைக்கப்பட்டிருந்தது.

கேள்விகள் ஐந்து. ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா? "பெஸ்ட் பிஃபோர்" முடிந்ததை விற்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், சரியா? "ரிட்டர்னுக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்" என்று பதில் எழுதச் சொல்கிறார் நண்பர், எழுதலாமா? ஏஜென்சி மேல் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? கடைசியாக, "ஒரு நாள் தாண்டினால் அது விஷமாகிவிடுமா மேடம்? சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுகிற குடும்பம் விளங்காது என்று அப்பா தினமும் புலம்புகிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?"

சகோதரரே, உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நோட்டீஸைவிட அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

அவர் சொல்வதில் தப்பே இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில், 12 சதவீதம் கடைகளில். உங்கள் குடோன் சாக்கும் அந்தக் கணக்கில் அடக்கம். அப்பாவின் வருத்தம் நியாயமானது, ஆனால் அது வரும் நேரம்தான் பிந்திவிட்டது. தேதி முடிந்த பிறகு பாவம் பார்த்துப் பயனில்லை. தேதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, அந்தப் பாக்கெட் ராக்கின் பின்வரிசையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததே, அப்போது பார்த்திருக்க வேண்டிய பாவம் அது. காலாவதிக்கு முன்னால் உங்கள் கையில் பல வழிகள் உண்டு. தாண்டிய மறுநாள் ஒரே வழிதான். நான் சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

ஒரு நாளில் பிஸ்கட் விஷமாகாது. நள்ளிரவு 12 மணிக்கு மாவுக்குள் எதுவும் வெடிப்பதில்லை. தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்து, இந்த முறையில் வைத்தால் இந்த நாள் வரை தரத்துக்கும் பாதுகாப்புக்கும் நான் பொறுப்பு என்று சொல்லும் எல்லைதான் அந்தத் தேதி. அதைத் தாண்டி நீங்கள் விற்றால், அவர் விட்ட பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று பொருள். உங்களிடம் ஆய்வுக்கூடம் கிடையாது. முகர்ந்து பார்த்துச் சொல்லக்கூடியதும் அல்ல. எண்ணெய் சேர்ந்த பண்டமாவது காறல் வாடையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பன்னீரோ பாக்கெட் தயிரோ வெளியே எதையும் காட்டாமல் உள்ளே கெட்டிருக்கலாம்.

பெஸ்ட் பிஃபோர் குழப்பம்

நீங்கள் பார்த்த வீடியோ பொய் சொல்லவில்லை. வேறு நாட்டைப் பற்றிப் பேசியிருக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் "பெஸ்ட் பிஃபோர்" தேதி முடிந்த பண்டத்தை, கெடாமல் இருந்தால் விற்கலாம். "யூஸ் பை" தேதி முடிந்ததை அங்கேயும் விற்கக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. பெஸ்ட் பிஃபோர் என்பது தரம் முழுமையாக இருக்கும் காலம், அதற்குப் பிறகும் உணவு பாதுகாப்பாக இருக்கலாம் என்றுதான் நம் விதிமுறையும் சொல்கிறது. ஆனால் 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள் வந்த பிறகு, பாக்கெட்டில் தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், "எக்ஸ்பயரி" அல்லது "யூஸ் பை" தேதியும் கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் என்பது விருப்பப்பட்டால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் தகவல்தான். ஆகவே உங்கள் ராக்கில் இருக்கும் பாக்கெட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது எக்ஸ்பயரி தேதியை. அது முடிந்தால் பேச்சுக்கே இடமில்லை.

இங்கே உங்களை ஒரு விஷயத்தில் எச்சரிக்கிறேன். உள்ளூர் அப்பளம், மசாலா, முறுக்குப் பாக்கெட்டுகளில் பேக்கிங் தேதி மட்டும் போட்டோ, எந்தத் தேதியும் போடாமலோ வருவது உண்டு. "தேதியே இல்லையே, பிறகு எப்படிக் காலாவதி?" என்று நினைத்துவிடாதீர்கள். லேபிள் சரியில்லாத பண்டத்தை விற்பதும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத பண்டத்தை விற்பதும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இன் 27(3) பிரிவில், காலாவதிச் சரக்கை விற்பதற்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றுக்கும் விற்பவரே பொறுப்பு. அந்தச் சரக்கை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். இரண்டு தடவை திருப்பினால் மூன்றாம் தடவை தேதியோடு வரும்.

ஜெயில் பயம்

சட்டத்தில் "விற்பனை" என்ற சொல்லுக்குப் பொருள் விரிவானது. காசு வாங்கிக் கொடுப்பது மட்டுமல்ல, விற்பதற்காகக் காட்சிக்கு வைப்பதும், விற்கும் நோக்கில் கையில் வைத்திருப்பதும் விற்பனைதான். "ராக்கில்தான் இருந்தது, யாருக்கும் விற்கவில்லை" என்ற வாதம் ஆகவே எடுபடாது. "எனக்குத் தெரியாது, நல்ல சரக்கு என்றுதான் நம்பினேன்" என்பதும் தற்காப்பு ஆகாது என்று சட்டத்தின் 80ஆம் பிரிவே சொல்கிறது. அதே பிரிவு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: செய்ய வேண்டிய கவனத்தை எல்லாம் செய்திருந்தேன் என்று ஆவணத்தோடு காட்டினால் அது தற்காப்பு. உங்களிடம் இன்றைக்கு அந்த ஆவணம் இல்லை. இனி இருக்க வேண்டும்.

தண்டனை எது என்பது, அதிகாரிகள் எந்தப் பிரிவில் நடவடிக்கை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தனித் தண்டனை குறிப்பிடாத மீறல்களுக்கு 58ஆம் பிரிவில் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இது சிறைத் தண்டனை இல்லாத பிரிவு. தமிழ்நாட்டில் இதை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, "பாதுகாப்பற்ற உணவு" என்று அறிக்கை வந்தால்தான் நிலைமை மாறும். அப்போது 59ஆம் பிரிவு வரும். யாருக்கும் பாதிப்பு ஏற்படாத நிலையிலும் 3 மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம் என்பது அதன் தொடக்கப் படி. உயிரிழப்பு வரை போனால் குறைந்தது 7 ஆண்டு. உங்கள் கடிதப்படி மாதிரி எடுத்ததாகத் தெரியவில்லை, நோட்டீஸும் குறைகளைச் சரிசெய்யச் சொல்வதுதான். முதல் முறை, 11 பாக்கெட், ஒழுங்காகப் பதில் என்றால் சிறையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. பதில் கொடுக்காமல் விட்டால் உரிமத்தையே நிறுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அபராதத்தின் அளவை முடிவுசெய்யும்போது எவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது: மீறலால் கிடைத்த லாபம், பிறருக்கு ஏற்பட்ட பாதிப்பு, மீண்டும் மீண்டும் நடந்ததா, தெரிந்து நடந்ததா. இப்போது சூளைக்காரர்களுக்குப் பாதி விலையில் கொடுத்ததை இந்த நான்கோடு வைத்துப் பாருங்கள். லாபம் உண்டு, பலமுறை நடந்தது, தெரிந்தே நடந்தது. "அவர்களும் தெரிந்துதானே வாங்கினார்கள்" என்கிறீர்கள். வாங்குபவரின் சம்மதம் இந்தச் சட்டத்தில் உங்களைக் காப்பாற்றாது. சட்டத்தை விடுங்கள். முழு விலை கொடுக்க முடியாதவர் என்பதால்தான் அவர் சம்மதித்தார், அவருடைய குழந்தைதான் அதைச் சாப்பிடுகிறது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று கடிதத்தின் தொனி சொல்கிறது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாதி விலைக்கே கொடுக்க விரும்பினால், தேதிக்கு இருபது நாள் முன்னால் கொடுங்கள்.

அந்த நூடுல்ஸ் பாக்கெட்டுகள்

கடிதத்தில் நான் மூன்று முறை படித்த பத்தி இதுதான்.

காலாவதிச் சரக்கு ராக்கில் கிடப்பது கவனக்குறைவு. தேதியைத் துடைப்பது ஏமாற்று. முதலாவதை அதிகாரி குறையாகப் பார்க்க இடமிருக்கிறது. இரண்டாவது, உணவுச் சட்டத்தைத் தாண்டி, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவு வரை போகக்கூடியது. செய்தது ஊழியர் என்றாலும் கடை உங்களுடையது. அந்தப் பாக்கெட்டுகளை இன்றே ராக்கிலிருந்து எடுத்து, தனிப் பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வையுங்கள். எத்தனை, எந்த பேட்ச் (பாக்கெட்டில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்) என்று குறித்துக்கொள்ளுங்கள். புது ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். நோட்டீஸ் நிலுவையில் இருப்பதால் அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் அந்தப் பெட்டியைக் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

இனி அந்த இளைஞர். அவர் ஏன் துடைத்தார்? அதனால் அவருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. போன மாதம் 600 ரூபாய் போயிற்று, இந்த மாதமும் போய்விடுமோ என்ற பயம்தான். ஊழியர் வசம் ஒப்படைத்த சரக்கு அவருடைய அலட்சியத்தால் நேரடியாகச் சேதமானால் பிடித்தம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். எந்த ராக்குக்கு யார் பொறுப்பு என்றே உங்கள் கடையில் முடிவு செய்யப்படவில்லை. அளவுக்கு மீறி ஆர்டர் போட்டது அவரும் அல்ல, நீங்கள். அந்த 600 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். தேதி முடியப்போகும் பாக்கெட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறவருக்குத் திட்டு விழும் கடையில் பாக்கெட்டுகள் மறைக்கப்படும். பாராட்டு கிடைக்கும் கடையில் அவை கல்லாவுக்கு வந்து சேரும். இதை நான் பல கடைகளில் பார்த்துவிட்டேன்.

ஒரு கடையை மட்டும் சொல்கிறேன். இதேபோல நோட்டீஸ் வாங்கிய ஒருவர், "என் கடையில் அப்படி எதுவுமே கிடையாது" என்று சாதித்தார். நேரில் போனேன். சேமியா ராக்கின் முன்வரிசை பளிச்சென்று இருந்தது, எல்லாம் போன மாதத்துச் சரக்கு. கையை உள்ளே விட்டுப் பின்பக்கம் துழாவினேன். கடைசி வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று பாக்கெட்டுகள் செருகிக் கிடந்தன. தூசி படிந்து, ஓரத்தில் வண்டு துளைத்து, தேதி முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. புதுச் சரக்கு வரும்போதெல்லாம் பையன் முன்னாலிருந்து அடுக்க, ஒவ்வொரு முறையும் பழசு ஒரு சாண் பின்னால் போயிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் 11 பாக்கெட்டும் இப்படித்தான் உருவாகியிருக்கும்.

தேதிக்கு முன்னால் செய்ய வேண்டியவை

அடுக்கும் முறையை மாற்றுங்கள். ராக்கில் இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, துடைத்து, புதுசைப் பின்னால் வைத்து, பழசை முன்னால் கொண்டுவர வேண்டும். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பது அப்பா காலத்து வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் இப்போது ஏஜென்சியிலிருந்து நேற்று இறங்கிய பெட்டி, போன மாதம் வந்ததைவிடப் பழைய தேதியோடு இருப்பது சாதாரணம். ஆகவே முதலில் முடிவது முதலில் போக வேண்டும். உரிமம் தொடர்பான விதிமுறைகளின் நான்காம் அட்டவணையும் இந்த இரண்டு முறைகளையும் குறிப்பிடுகிறது.

ஒரு நோட்டுப் போடுங்கள், மாதத்துக்கு ஒரு பக்கம். சரக்கு இறங்கும்போதே, அது எந்த மாதம் முடிகிறதோ அந்தப் பக்கத்தில் பெயர், எண்ணிக்கை, ஏஜென்சி பெயர் மூன்றையும் எழுதிவிடுங்கள். பில் போடும் மென்பொருளில் பேட்ச், எக்ஸ்பயரி பதியும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நோட்டே போதும். மாதம் பிறந்ததும் இரண்டு மாதம் தள்ளியுள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பட்டியலோடு சேல்ஸ்மேனைப் பிடியுங்கள். அறுபது நாள் இருக்கும் சரக்கை மாற்றிக் கொடுக்க அவருக்கு வேறு கடைகள் உண்டு. தேதி முடிந்ததை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பால், தயிர், பிரெட், பன்னீர், இட்லி மாவு போன்றவற்றுக்கு நோட்டு உதவாது. தினமும் காலையில் கண்ணால் பார்ப்பதுதான் ஒரே முறை.

முப்பது நாள் இருக்கும்போது விலையைக் குறையுங்கள். எம்ஆர்பி என்பது அதிகபட்ச விலை, அதற்குக் கீழே விற்க யாரிடமும் அனுமதி வேண்டாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, "தேதி நெருங்குகிறது, விலை குறைவு" என்று வெளிப்படையாக எழுதி வையுங்கள். விலை ஸ்டிக்கர் தேதியையோ எம்ஆர்பியையோ மறைக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 42 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்கும் ஒரு பாக்கெட்டை 38க்குக் கொடுத்தால் நஷ்டம் 4 ரூபாய். அதுவே குப்பைக்குப் போனால் 42 ரூபாய். அந்த 42ஐ எடுக்க, 8 ரூபாய் லாபத்தில் இன்னும் ஆறு பாக்கெட் விற்க வேண்டும். விலையைக் குறைக்க மனம் வராமல் கடைசி நாள் வரை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பத்து நாளில் முடியப்போகும் பண்டத்தை "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். கடைக்குப் பதிலாக அவர்கள் வீட்டில் வீணாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆர்டர் போடும் இடத்தில்தான் பாதி நோய் இருக்கிறது. பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்ற ஸ்கீமில் நீங்கள் மயங்கியதைக் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஓட்ஸ், பாஸ்தா, மயோனைஸ் எல்லாம் உங்கள் ஊரில் மாதத்துக்கு எத்தனை போகின்றன என்று பழைய பில்லில் எண்ணுங்கள். அதற்கு மேல் இலவசமாக வந்தாலும் இடத்தைத்தான் அடைக்கும். சரக்கு இறங்கும்போது தேதியைப் பாருங்கள். ஆயுளில் பாதிக்கு மேல் போய்விட்ட பெட்டியை அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். இணையவழி விற்பனையில் வீட்டுக்கு வந்து சேரும்போது 30 சதவீத ஆயுளோ 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. உங்கள் கடைக்கு அது பொருந்தாது, ஆனாலும் சேல்ஸ்மேனிடம் பேசும்போது நல்ல அளவுகோல்.

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கரன்ட் பில்லுக்காக இரவில் ஃப்ரிட்ஜை அணைக்கிறோம் என்று. பிஸ்கட்டை விட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பாக்கெட்டில் உள்ள தேதி, அதில் எழுதிய குளிரில் வைத்தால் மட்டுமே செல்லும். எட்டு மணி நேரம் அணைத்து வைத்த பன்னீர், தேதி இருக்கும்போதே கெட்டுப்போகலாம். அந்தத் தேதியை நம்பி ஒரு தாய் வாங்கிப் போகிறார். இன்று இரவிலிருந்து அணைக்காதீர்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் குளிர்சரக்கு விற்பதைக் குறையுங்கள்.

முதியோர் இல்லம், மாட்டுத் தீவனம்

உங்கள் மனைவியின் எண்ணம் நல்லது, நேரம் மட்டும் மாற வேண்டும். மிஞ்சும் உணவைப் பகிர்வதற்கென்றே 2019இல் ஒரு விதிமுறை உண்டு, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பான உணவை மட்டும், காலாவதிக்கு முன்னால், கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே குடோன் சாக்கில் இருப்பதில் ஒரு பாக்கெட் கூட இல்லத்துக்குப் போகக் கூடாது. வயதானவர்களின் உடம்புதான் கெட்ட உணவை முதலில் தாங்காது. இனி வருவதை, தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள். நூறு பாக்கெட் காரச் சேவை முதியோர் இல்லத்தில் என்ன செய்வார்கள்? ஒப்புகை வாங்கி ஃபைலில் வையுங்கள். நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால், இலவசமாகக் கொடுத்த சரக்குக்கும் அழித்த சரக்குக்கும் எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டியதாகக் கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்ட வேண்டும். கணக்குப் பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாக்கோடு கேட்டு வருபவரிடம் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உறை பிரிக்காத பாக்கெட்டுகள் உங்கள் கடையை விட்டுப் போனால், அவை தொழுவத்துக்குத்தான் போகின்றன என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தேதி மாறி வேறொரு சந்தையில் விற்பனைக்கு வரலாம், விசாரணை உங்களைத் தேடி வரலாம். மாட்டுக்கே போனாலும், பிஸ்கட்டையும் மாவையும் ஒரேயடியாகக் கொட்டினால் அதன் வயிறு புளித்து உயிருக்கே ஆபத்தாகும்.

வேறு என்ன செய்வது? குடோனில் ஒரு மூலையைக் கோடு போட்டுப் பிரித்து, "காலாவதி, விற்பனைக்கு அல்ல" என்று பலகை மாட்டுங்கள். திரும்ப எடுக்கும் ஏஜென்சிகளின் சரக்கைப் பிரித்துத் தேதி போட்டு எழுதி அனுப்பி, அந்தத் தொகையை வரவு வைத்ததற்கான கிரெடிட் நோட் வாங்குங்கள். மீதியை, உங்கள் வழக்கறிஞர் சம்மதித்த பிறகு, உறையைக் கிழித்து, உள்ளிருப்பதை மக்கும் குப்பையிலும் உறையை மக்காத குப்பையிலும் சேருங்கள். பிரிக்கும் முன் ஒரு போட்டோ, நோட்டில் ஒரு வரி. அப்பா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இந்த ஒரு தடவை அவருக்கு வேதனையாகத்தான் இருக்கும்.

ஏஜென்சியும் நண்பரின் யோசனையும்

நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்குப் பொருந்தாது. மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. காலாவதிச் சரக்கை ஏஜென்சி திரும்ப எடுத்தே தீர வேண்டும் என்ற கடமையையும் உணவுச் சட்டம் வைக்கவில்லை, அது உங்கள் இருவருக்குமான ஒப்பந்தம். பில்லின் பின்பக்கம், பழைய கிரெடிட் நோட்டுகள், சேல்ஸ்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இவற்றில் "எடுத்துக்கொள்கிறோம்" என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். இல்லை என்றால் 38,000 ரூபாய்க்கு உரிமையியல் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த ஆர்டருக்கு முன் ரிட்டர்ன் நிபந்தனையை எழுத்தில் வாங்குவதுதான் உங்கள் கையிலுள்ள பலம். தேதி ஏற்கெனவே முடிந்த பெட்டியையே ஏஜென்சி இறக்கியிருந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு அவர்களே சட்டப்படி பொறுப்பு. இறங்கிய தேதியோடு பில் இருந்தால் அதை அதிகாரியிடம் காட்டுங்கள்.

நண்பர் சொன்னபடி எழுதாதீர்கள். ரிட்டர்னுக்கு எடுத்து வைத்த சரக்கு விற்பனை ராக்கில், விலைச்சீட்டுக்கு மேலே ஏன் இருந்தது என்று ஒரே கேள்வி கேட்டால் பதில் கிடையாது. அதிகாரிக்குத் தவறான தகவல் தருவது 61ஆம் பிரிவில் தனிக் குற்றம். இப்போது இருப்பது ஒரு குறை. அந்த ஒரு வாக்கியத்தால் அது இரண்டு குற்றமாகும்.

பதில் ஒரு பக்கம் போதும். 11 பாக்கெட்டுகள் ராக்கில் இருந்ததை ஒப்புக்கொண்டு, அடுக்கும் முறை தவறியதால் பின்வரிசையில் தேங்கியதை அப்படியே எழுதுங்கள். பிறகு செய்திருப்பவற்றை எழுதுங்கள்: எல்லா ராக்கும் சோதித்த தேதி, தனியாக ஒதுக்கிய எண்ணிக்கை, தொடங்கிய பதிவேடு, ஒவ்வொரு ராக்குக்கும் பொறுப்பானவர் பெயர். செய்யாத எதையும் எழுத வேண்டாம். ஆகவே முதலில் வேலை, பிறகு கடிதம். கடையை ஒரு நாள் மதியம் அடைத்துவிட்டு, அந்த இளைஞரையும் கூட வைத்துக்கொண்டு ராக் ராக்காக இறக்கிப் பாருங்கள். ஒதுக்கிய மூலையின் போட்டோவையும் நோட்டின் முதல் இரண்டு பக்க நகலையும் இணைத்து, வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, பன்னிரண்டாம் நாளுக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.